வாடகை வீடு தேடுகிறீர்களா?



கொழும்பில் வாடகைக்கு ஒரு வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் விளங்கும். பத்திரிகை விளம்பரம், தரகர், உறவினர், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் விசாரிப்பு என்று மாதக் கணக்கில் தேட வேண்டியிருக்கிறது. கடைசியில் கைக்கு எட்டிய வாடகையில் ஒரு தொடர்மாடி வீடு அகப்பட்டதும், அதுவும் தவறிவிடுமோ என்ற பயத்தில் அன்றே முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். குடிபோன பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வருகின்றன.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நமது குடும்பங்களில் வீடு பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் ஆண். அவர் தொழில் முடிந்து மாலையில் போகிறார். கால் மணித்தியாலம் நின்று அறைகளை எண்ணுகிறார், வாடகையைப் பேசுகிறார், திரும்புகிறார். ஆனால் அந்த வீட்டில் பகல் முழுவதும் இருக்கப் போகிறவர் மனைவி. படி ஏறி இறங்கப் போகிறவர் வயதான உம்மா. படிக்க ஒரு மூலை தேடப் போகிறவர்கள் பிள்ளைகள். இவர்களிடம் யாராவது கேட்டார்களா?

தேவைகளை முதலில் எழுதுங்கள்

வீடு பார்க்கப் புறப்படுமுன் ஓரிரவு குடும்பமாக உட்காருங்கள். ஒரு தாளில் இரண்டு பகுதிகளாக எழுதுங்கள். ஒன்றில் இல்லாமல் முடியாதவை. மற்றதில் இருந்தால் நல்லவை.

மூட்டு வலியுள்ள உம்மா இருந்தால், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. அவரை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய ஒவ்வொரு முறையும் இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நாளடைவில் அவர் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுப் போவார். வளர்ந்த மகனும் மகளும் இருக்கும் வீட்டில் தனித்தனி அறை அவசியம். பல்கனி, தரை ஓடு, பெரிய ஹோல் போன்றவை இரண்டாம் பகுதிக்குரியவை. கையில் பட்டியல் இருந்தால், பளபளக்கும் தரையைக் கண்டு மயங்கி முற்பணம் கொடுக்க மாட்டீர்கள்.

வாடகை மட்டும் செலவல்ல

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்கிக்கொள்வதற்கான கணக்கு மட்டுமே. பிள்ளைகளின் பாடசாலைக்கு அருகே தெமட்டகொடையில் ஒரு வீட்டுக்கு 75,000 ரூபா கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் மாபோலையில் அதே அளவு வீடு 55,000 ரூபா. மாதம் 20,000 ரூபா மிச்சம் என்று மனம் சொல்லும். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடசாலை வேன் தலைக்கு 8,500 வீதம் 17,000 ரூபா. கணவரின் பஸ் செலவும், உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லும் முச்சக்கர வண்டிச் செலவும் 6,000 ரூபா. மொத்தம் 23,000 ரூபா! மலிவான வீடு 3,000 ரூபா கூடுதலாக விழுங்குகிறது. பிள்ளைகளின் தூக்கம் போவது வேறு.

எல்லாக் குடும்பத்துக்கும் கணக்கு இப்படித்தான் முடியும் என்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்குத் தூர வீடே இலாபமாகலாம். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தொடர்மாடியானால் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் கேட்டுக் கணக்கில் சேருங்கள்.

மின்மானி தனியாக இருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள். மின்சாரப் பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே மின்மானியில் இருந்தால், இருவரின் அலகுகளும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த விலைக்குப் போய்விடும். நீங்கள் சிக்கனமாக இருந்தும் பயனில்லை.

பகலில் போய்ப் பாருங்கள்

சகோதரிகளே, வீட்டைப் பகல் நேரத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். குழாய்களைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். குசினியில் ஜன்னல் உண்டா, புகை எங்கே போகும், கழுவிய உடுப்பை எங்கே காயப்போடுவது, எதிர்வீட்டு ஜன்னல் உங்கள் அறையைப் பார்த்தபடி இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். சுவரின் மூலைகளில் ஈரக் கறை இருந்தால் மழைக்காலத்தில் ஒழுகும்.

2022 ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. நாளுக்குப் பல மணித்தியாலங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, மாடி வீடுகளில் மின்தூக்கியும் நின்றது, தண்ணீர்ப் பம்பும் நின்றது. காஸ் கிடைக்காத நாட்களில் விறகு அடுப்பு மூட்ட இடமில்லாமல் எத்தனையோ பெண்கள் தவித்தார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டுவிடுங்கள்.

தாழ்ந்த பகுதிகளில் கீழ்வீடு மலிவாகக் கிடைக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். உள்ளதைச் சொல்வார்.

எழுத்தில் இருக்கட்டும்

வீடு பிடித்துவிட்டதா? பணம் கொடுக்குமுன் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தரகரின் வாக்கு உறுதியாகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது பிணக்கு வரும்போது கைகொடுக்காது. முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தரப்படும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பவற்றையும் அதில் எழுதுவியுங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க, பாடசாலைக்கு அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பிப்பவர்களிடம் வதிவிட ஆவணங்களும் வாக்காளர் இடாப்புப் பதிவும் கேட்கப்படுகின்றன. குடிபோனதும் கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்கு வீட்டுக்காரர் இணங்குவாரா என்பதை முற்பணம் கொடுக்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

நம்மில் பலருக்குக் கையில் உள்ள பணத்துக்கு எல்லா வசதிகளும் உள்ள வீடு கிடைக்கப் போவதில்லை. எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதை விடுவது என்பதை ஒருவர் மட்டும் தீர்மானித்தால், அந்தக் குறை நாள்தோறும் முணுமுணுப்பாக வெளிவரும். அனைவரும் கூடிப் பேசி விட்டுக்கொடுத்தால், சிறிய வீட்டிலும் மனநிறைவோடு வாழலாம். எனவே அடுத்த முறை தரகர் கூப்பிட்டால், தனியாகப் போகாதீர்கள். வீட்டிலுள்ளவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.