குதிரைக்கு நெஞ்சு வலித்தால்?

சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும் தெரியுமா குட்டீஸ்? 28 முதல் 44 முறைதான். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போதோ 200-ஐத் தாண்டிவிடும்! அந்த இதயம் பழுதாகி, குதிரை திடீரென்று விழுந்தால் மேலே இருப்பவருக்கும் ஆபத்து. 'நெஞ்சு வலிக்குது' என்று அதற்குச் சொல்லத் தெரியாதே!

அதனால் கால்நடை மருத்துவர் அதன் கழுத்து ரத்தக்குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 'ட்ரோபோனின்' இருக்கிறதா என்று பார்ப்பார். இது இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை சிதைந்தால் ரத்தத்தில் கசிந்துவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதைத்தான் சோதிக்கிறார்கள். நம்முடையதும் குதிரையுடையதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், மனிதர்களுக்கான சோதனைகள் சில குதிரைக்கும் கைகொடுக்கின்றன.

சில நாடுகளில் மாட்டுத் தீவனத்தில் 'மோனென்சின்' என்ற மருந்தைக் கலப்பார்கள். அளவோடு கொடுத்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. குதிரை தவறிப்போய்த் தின்றாலோ, இதயத் தசையே அழிந்துவிடும்! ஒரு லாயத்தில் பல குதிரைகள் அதைத் தின்றுவிட்டால், எவற்றின் இதயம் அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ட்ரோபோனின் உதவும்.

இதயத்தின் வால்வு மட்டும் ஒழுகினால், ட்ரோபோனின் பெரும்பாலும் கூடாது. அப்போது பழைய ஸ்டெதாஸ்கோப்பும் ஸ்கேனும்தான் துணை.