நூல் சிக்கினா... ஆர்டரும் சிக்கும்!

படிச்சுக்கிட்டே பாக்கெட் மணி பார்க்கிற எம்பிராய்டரி கில்லாடிகள் இன்னிக்கு நிறைய காலேஜ்ல இருக்காங்க. கர்ச்சீப்ல பேர், ப்ளவுஸ்ல மயில், குட்டிப் பாப்பாவுக்கு ஒட்டுத்துணி போர்வை (அதாங்க, குவில்ட்!)னு கலக்குறாங்க. எல்லாம் ஓகே. ஆனா, மயிலுக்குப் பாதி தோகை போட்டதும் பச்சை நூல் தீர்ந்துபோச்சுன்னா?

கடைக்கு ஓடுவீங்க. கடைக்காரர் பத்து பச்சையை எடுத்துப் போடுவார். ட்யூப்லைட் வெளிச்சத்துல எல்லாமே ஒண்ணாத்தான் தெரியும். மறுநாள் வெயில்ல பார்க்கும்போது, மயிலுக்கு இடது பக்கம் ஒரு பச்சை, வலது பக்கம் ஒரு பச்சை! கஸ்டமர் முகம் சிவப்பு! பிரிச்சுத் தைக்கணும், நூல் காசு, நேரம் ரெண்டும் போச்சு. 'திறமை இருந்தும் ஏன் இப்படி?'னு யோசிச்சா, குற்றவாளி ஊசி இல்லை... நூல் வெச்சிருந்த டப்பா!

நம்பர் முக்கியம் பாஸ்!

எம்பிராய்டரி நூல் சிட்டத்துல சுத்தியிருக்கிற காகிதப் பட்டையைப் பார்த்திருப்பீங்க. பிரிச்சதும் முதல் வேலையா அதைத்தான் தூக்கிப் போடுவோம். அதுலதான் விஷயமே இருக்கு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டி.எம்.சி.யில கறுப்பு 310. ஆங்கர்ல அதே கறுப்பு 403. ஸோ, கம்பெனி பேர், நம்பர் ரெண்டையும் எழுதி வைக்கணும்.

இன்னொரு மேட்டர்... நம்பர் ஒண்ணா இருந்தாலும், வேற வேற தடவை சாயம் ஏத்தின நூல்ல லேசா வித்தியாசம் வரலாம். அதனால ஒரு வேலைக்குத் தேவையான நூலை மொத்தமா வாங்கிடுறது புத்திசாலித்தனம். கணக்கு சிம்பிள். சாதாரண சிட்டம் ஒண்ணு 8 மீட்டர், அதுல 6 இழை. ரெண்டு ரெண்டு இழையா பிரிச்சுத் தைச்சா 24 மீட்டர் கிடைக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு மறுவாழ்வு!

வீட்டுல குவிஞ்சு கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகள்ல சாயம் போகாத வெள்ளை அட்டையா பார்த்து எடுங்க. தீப்பெட்டி சைஸுக்கு வெட்டி, ஓரத்துல சின்னதா ரெண்டு கீறல் போடுங்க. நூலை லூஸா சுத்தி, நுனியைக் கீறல்ல செருகிடுங்க. இறுக்கிச் சுத்தினா மடிப்பு விழுந்து, தையல்லயும் நெளிவு தெரியும். மேலே கம்பெனி, நம்பர் எழுதி, ஒரு ஓட்டை போட்டு, சாவி வளையத்துல கோத்துட்டா... கடைக்குக் கொண்டுபோற கலர் ஆல்பம் ரெடி!

ஆரி வேலைக்கான பட்டு நூல் ரீல் வழுக்கிக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணையும் தனித் தனியா ஜிப் கவர்ல போடுங்க. செலோ டேப் வேண்டாம். பசை நூல்ல ஒட்டும். கையால குவில்ட் தைக்கிறதுக்குன்னே மெழுகு மாதிரி பூச்சு போட்ட நூல் இருக்கு. அது மெஷினுக்கு ஆகாது. 'கைத்தையலுக்கு மட்டும்'னு எழுதி ஒதுக்கிடுங்க.

மூணு வில்லன்கள்!

வெயில்: ஜன்னலோரம் அழகா அடுக்கி வெச்சா பார்க்க சூப்பர். ஆனா, கலர் வெளுத்துடும். மூடின டப்பாவோ, பீரோவோதான் பெஸ்ட்.

ஈரம்: மழைக்காலத்துல பூஞ்சை வரும். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடவே போட்டு வைங்க. குட்டிப் பசங்க கைக்கு எட்டாம பார்த்துக்கோங்க.

ரப்பர் பேண்ட்: நாளாக நாளாக உருகி நூல்ல ஒட்டும். அதுல இருக்கிற கந்தகம் ஜரிகையையும் கறுக்க வைக்கும். ஜரிகையை வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தித் தனியா வைங்க.

பாட்டியோட பழைய டப்பாவுல நூல் கிடைச்சுதா? ரெண்டு கையால பிடிச்சு இழுத்துப் பாருங்க. பொட்டுன்னு அறுந்தா, தைக்க உதவாது. அறுகலையா? நனைச்சு வெள்ளைத் துணியில அழுத்துங்க. சாயம் ஒட்டலைன்னா, தைரியமா தைக்கலாம்.

வெட்டி விழுற துண்டு நூலையும் வீசாதீங்க. ஒரு பாட்டில்ல சேர்த்து வெச்சா, ஊசி குத்தி வைக்கிற குட்டித் தலையணைக்குப் பஞ்சு ரெடி. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிற காந்தா போர்வைக்கு, அந்தச் சேலைக் கரையில இருந்தே நூலை உருவித் தைச்சாங்க. ஒரு இழையைக்கூட வீணாக்காத அந்தக் கையிருப்புதான் இன்னிக்கு உலகம் தேடி வாங்குற கலையா நிக்குது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. சிக்கலைப் பிரிங்க, நம்பர் எழுதுங்க. அடுத்த மயில் ஒரே பச்சையில தோகை விரிக்கட்டும்!