தலைமுடியில் பதியும் நஞ்சுக் கணக்கு

நம் தலையில் வளரும் முடியை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. வெட்டி விழுந்தபின் அதனைக் கூட்டிக் குப்பையில் சேர்ப்பதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் உடலினுள் புகுந்த சில உலோக நஞ்சுகளின் கணக்கு, எந்த மாதத்தில் எவ்வளவு என்ற விவரத்தோடு, அந்த முடியிலேயே பதிந்து கிடக்கிறது. இவ்வுண்மையை உலகத்தாருக்குத் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி ஈராக் நாட்டுக் கிராமங்களில் நடைபெற்றது. விதைத் தானியத்தை உழவர் குடும்பங்கள் உணவாக உண்டதால் நேர்ந்த துயரம் அது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அதனைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நலம்.

மழை பொய்த்து விளைச்சல் குன்றியிருந்த ஈராக் நாடு, 1971ஆம் ஆண்டில் வெளிநாடுகளிலிருந்து விதைக்கோதுமையையும் வாற்கோதுமையையும் பெருமளவில் தருவித்தது. கோதுமை மட்டும் 73,000 டன்னுக்கு மேல். பூஞ்சாணம் பற்றாதிருக்க மீதைல் பாதரசம் கலந்த மருந்து அவ்விதைகளில் பூசப்பட்டிருந்தது. உண்ணத் தகாதது என்பதற்கு அடையாளமாகச் செந்நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளின் மேல் எச்சரிக்கை இல்லாமலில்லை. ஆயின் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது! அரபு மொழி பேசும் குடியானவருக்கு அதனால் பயன் என்ன?

விதை வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புப் பருவம் கடந்துவிட்டது. வீட்டில் உணவோ இல்லை. கழுவினால் சாயம் போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போயிற்று என்று மக்கள் கருதினர். சிலர் முன்னெச்சரிக்கையாகக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் போட்டுப் பார்த்தனர். சில நாட்களில் ஒன்றும் நேரவில்லை. அவர்களை அறியாமையுடையோர் என்று நாம் இகழ்வதற்கில்லை. மீதைல் பாதரசத்தின் இயல்பே அதுதான். உண்ட உடனே அது எந்தக் குறியையும் காட்டாது. வாரங்கள், சில வேளை மாதங்கள் கழிந்த பின்னரே தன் கொடுமையைக் காட்டும். முதலில் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போகும். பின்னர் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், பார்வையும் செவியும் குன்றும். 1971 டிசம்பர் இறுதியில் முதல் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தனர். அதன் பின் சில மாதங்களுக்குள் 6,530 பேர் சேர்க்கப்பட்டனர்; அவர்களுள் 459 பேர் மருத்துவமனைகளிலேயே இறந்தனர்.

ஒவ்வொருவரும் எவ்வளவு நஞ்சை, எப்பொழுது உண்டார் என்று அறிந்தாலன்றி, எந்த அளவு தீங்கு செய்யும் என்று வரையறுக்க இயலாது. இரத்தத்தைச் சோதித்தால் அன்றைய நிலைமை மட்டுமே தெரியும். உடலிலுள்ள மீதைல் பாதரசத்தில் பாதி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வெளியேறிவிடுவதால், காலம் தாழ்த்தி எடுத்த இரத்தம் பழைய கதையைச் சொல்லாது. இங்கேதான் தலைமுடி கைகொடுத்தது.

முடி ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. தோலுக்குள் அது உருவாகும்போது இரத்தத்திலுள்ள பாதரசம், முடியின் புரதத்திலுள்ள கந்தகத்தோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. வெளியே வளர்ந்த முடிக்கு இரத்த ஓட்டம் இல்லையாதலால், பதிந்தது பதிந்தபடியே நிற்கும். இரத்தத்தில் உள்ளதைப் போல் சுமார் 250 மடங்கு பாதரசம் முடியில் சேர்வதால் அளப்பதும் எளிது. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் சோதித்தால், ஓராண்டின் கணக்கை மாதவாரியாகப் படிக்கலாம். ஈராக் நோயாளிகளின் முடியில் நச்சு ரொட்டி உண்ட மாதங்களில் பாதரசம் மலைபோல் ஏறி, நிறுத்திய பின் படிப்படியாக இறங்கியது தெரிந்தது.

கருவுற்றிருந்த பெண்களின் நீண்ட கூந்தல் இன்னும் பெரிய உண்மையை வெளிப்படுத்தியது. பிரசவமாகிப் பல மாதங்கள் சென்றபின்னும், கருப்பக் காலத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு தாயின் உடலில் இருந்ததென்று அதிலிருந்து கணக்கிட முடிந்தது. 81 தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் ஆராய்ந்த முடிவுகள் 1987இல் வெளியாயின. தாய்க்கு இலேசான மரமரப்பு மட்டுமே இருந்த, அல்லது அதுவும் இல்லாத குடும்பங்களிலும், சில குழந்தைகள் நடக்கவும் பேசவும் மிகவும் பிந்தின. கருவிலுள்ள மூளையே இந்நஞ்சுக்கு எளிதில் இரையாகிறது என்பதற்கு அக்கூந்தலே சான்றாயிற்று.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் மீனை உண்டு நோயுற்றோரின் முடியில், பத்து லட்சத்தில் 705 பங்கு வரை பாதரசம் காணப்பட்டது. சாதாரணமாக மீன் உண்போரிடம் சில பங்குகளே இருக்கும்.

ஆயினும் முடிச்சோதனை எல்லா உலோகங்களுக்கும் ஏற்ற துலாக்கோல் அன்று. உண்ட மீதைல் பாதரசத்திற்கு அது நம்பத்தக்கது. ஆர்செனிக் கலந்த குழாய்க்கிணற்று நீரை அருந்தும் மேற்கு வங்க, பங்களாதேச மக்களிடமும் அது பயன்பட்டுள்ளது. ஆனால் அதே நீரில் குளித்தால் ஆர்செனிக் முடியின் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளிருந்து வந்தது எது, வெளியிலிருந்து பற்றியது எது என்று பிரிப்பது கடினம். ஈயத்தைப் பொறுத்தவரை இரத்தச் சோதனையே முறையானது. முடியைத் தபாலில் அனுப்பினால் உடலின் எல்லாக் குறைகளையும் கூறுவோம் என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் ஒரே நபரின் முடியைப் பங்கிட்டு ஆறு பரிசோதனைச் சாலைகளுக்கு அனுப்பிப் பார்த்தனர். 12 கனிமங்களில் அவை தந்த அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டன என்று 2001இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஊரில் பலருக்கு ஒரே காலத்தில் கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல் போன்ற குறிகள் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். அவர்கள் எந்தத் தானியத்தை, எந்த நீரை உட்கொண்டனர் என்பதையும் பஞ்சாயத்தார் குறித்து வைத்தால், மருத்துவருக்குப் பேருதவியாகும். மருத்துவர் முடி கேட்டால், பிடரிக்கு மேல் பின்தலையில், தோலை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். வேர்ப்பக்கத்தில் நூலால் கட்டிவிட வேண்டும். எது வேர், எது நுனி என்று மாறிப்போனால், மாதங்களும் தலைகீழாகிவிடும். சாயமிட்ட முடியாயின் அதனையும் மறவாமல் சொல்லிவிடவேண்டும்.