விசேட நாளுக்கு உடை தைப்பித்தல்: துணியை வெட்டுமுன் தீர்மானிக்க வேண்டியவை

எமது வாசகர்களுள் பலர் ஒரு முறையல்ல, இரண்டு மூன்று முறை வீட்டை விட்டு வந்தவர்கள். வன்செயலாலும் போராலும் வந்தவர்கள் உண்டு. 1985இல் நிறைவுபெற்ற கொத்மலை அணைக்கட்டுக்காக வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்களும், மண்சரிவுக்கு அஞ்சி வந்தவர்களும் உண்டு. அவசரமாகப் புறப்படும்போது தாயின் கூறைச்சேலை இருந்த பெட்டியை எடுத்துவர எல்லோராலும் முடிவதில்லை. எனவே திருமணமோ, மகளின் சடங்கோ, முதல் நன்மையோ வரும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. "எங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குக் குறைவாக நிற்கக் கூடாது" என்பது நியாயமான எண்ணமே. ஆனால் அந்த எண்ணத்தில்தான் அநேக குடும்பங்கள் கடன்படுகின்றன.

உடை நன்றாக அமைய வேண்டும். அதற்காக அடுத்த போகத்துக்கான விதைநெல்லை விற்கவும் கூடாது. துணியில் கத்தரிக்கோல் படுமுன் சில விடயங்களைத் தீர்மானித்துக்கொண்டால் இரண்டும் கைகூடும்.

நாவலப்பிட்டிக் கடைவீதி

1874இல் புகையிரதப் பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது. சுற்றுப்புறத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் அது சந்தை நகராயிற்று. விசேடத்துக்குத் துணி எடுக்க இன்றும் மக்கள் இறங்கும் இடம் அதுவே. தையல் இயந்திரமும் அதே காலத்தில்தான் எமது நாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் ஐசாக் சிங்கர் 1851இல் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரது கம்பனி 1877இல் இலங்கையில் கால் வைத்தது.

1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின்பின் கிராமத்துப் பெண்கள் பலர் இயந்திரத்தில் பழகினார்கள். இன்று அவர்களுள் சிலர் வீட்டிலிருந்தே தைக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒருவர் கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பார், இன்னொருவர் கையை மட்டும் பொருத்துவார். நேராகத் தைக்கத் தெரிவது வேறு, அளவு எடுத்து வெட்டத் தெரிவது வேறு. ஆகவே கூலியைக் கேட்குமுன், அவர் முழுமையாக வெட்டித் தைத்த ஓர் உடையைக் காட்டச் சொல்லுங்கள். அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வேலையின் தரம் அங்கேதான் தெரியும்.

முதற் கேள்வி: மறுநாள் இந்த உடை என்னவாகும்?

ஒரு நாள் உடுத்திப் பெட்டியில் வைப்பதற்கா, பின்னரும் உடுத்துவதற்கா என்பதை முதலில் தீர்மானியுங்கள். மணப்பெண் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று கிறிஸ்தவக் குடும்பங்கள் நினைப்பதுண்டு. அப்படி ஒரு திருச்சபைச் சட்டம் இல்லை. இங்கிலாந்து அரசி விக்டோரியா 1840இல் தமது திருமணத்துக்கு வெள்ளை உடுத்தியபின் பரவிய வழக்கமே அது. வெளிர் நிறச் சாரி ஒன்றை எடுத்தால் அது ஞானஸ்நானத்துக்கும் திருநாளுக்கும் உதவும். நீண்ட வெள்ளைக் கவுன்தான் வேண்டுமானால், வாடகைக்கு எடுப்பதையும் விசாரித்துப் பாருங்கள். வாடகையோடு வைப்புப்பணம் எவ்வளவு, கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி எடுக்கும்போது

சாரி பொதுவாக ஐந்தரை மீற்றர். சட்டைத் துண்டோடு வரும் சாரியில் மேலும் 80 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். அதில் சட்டை தைக்க முடியுமானால் தனித்துணி வாங்க வேண்டியதில்லை. நீண்ட கை வேண்டுமென்றால் அது போதாமற் போகலாம். முதலில் தையற்காரரிடம் கேட்டு, அதன்பின் கடைக்குப் போவதே முறை. ஒரே பக்கம் நோக்கிய பூ வேலையுள்ள துணிக்குக் கூடுதல் அளவு தேவை. தலைகீழாக வைத்து வெட்ட முடியாது.

பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும். வெட்டுமுன் அதனைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். லைனிங் என்னும் உள்துணிக்கும் இப்படியே செய்ய வேண்டும். மேல்துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால், ஒரே சலவையில் சட்டை முழுவதும் சுருக்கு விழுந்துவிடும். பட்டுத் துணியை ஊறவைக்க வேண்டாம்.

அளவு கொடுக்கும்போது

1. அன்று அணியப்போகும் உள்ளாடையை அணிந்தே அளவு கொடுங்கள்.
2. மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி, கையின் நீளமும் சுற்றும், கழுத்தின் முன் இறக்கமும் பின் இறக்கமும், முழு நீளம் ஆகிய எல்லாவற்றையும் எழுதுவிக்க வேண்டும்.
3. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று இருந்தால் அதையும் மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.
4. வேலைக் களைப்பாலும் திருமணக் கவலையாலும் சில வாரங்களில் உடம்பு மெலியும். ஆகவே மாதக்கணக்கில் முந்தி எடுத்த அளவை நம்பி வெட்டக் கூடாது.

உள்ளே விடும் துணி

இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு. ஆனால் உடையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. சட்டையின் இரு பக்கத் தையல்களிலும் முன்துண்டுக்கு ஓர் ஓரம், பின்துண்டுக்கு ஓர் ஓரம் என மொத்தம் நான்கு ஓரங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அரை அங்குலம் பிடிப்புக்கு நின்றாலும், பின்னர் ஓர் அங்குலம் வீதம் நான்கு அங்குலம் தளர்த்தலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் அதே சட்டை உதவும். கையின் உட்தையலிலும் அதற்கேற்ப விட வேண்டும். இல்லையேல் உடம்பு தளரும், கை இறுக்கும்.

முதல் நன்மைக்குத் தைக்கும் பிள்ளையின் கவுனில் கீழ் மடிப்பை மூன்று அல்லது நான்கு அங்குலம் விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இறக்கிவிடலாம், தங்கைக்கும் உதவும்.

பேச்சும் எழுத்தும்

திருநாளுக்கு ஆறு வாரம் முந்தியாவது துணியைக் கொடுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் நெருங்கும்போது தையற்கடைகளில் வேலை குவிந்திருக்கும். சிறிய துண்டுக் கடதாசியிலாவது இவற்றை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: கொடுத்த துணியின் அளவு, உடையின் மாதிரி, மொத்தக் கூலி, கொடுத்த முற்பணம், உள்துணியும் கொக்கியும் நூலும் யாருடையவை, போட்டுப் பார்க்கும் நாள், முடித்துத் தரும் நாள். மிச்சத் துணியையும் கேட்டு வாங்குங்கள். பின்னர் ஒட்டுப் போட அது வேண்டும். முற்பணமாக மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொடுப்பது இரு பக்கத்துக்கும் நியாயம்.

மெசினில் இறுதியாகத் தைக்குமுன் கையால் ஓட்டுத் தையல் போட்டு ஒரு முறை அணிந்து பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் மட்டும் போதாது. இரு கையையும் உயர்த்துங்கள், உட்காருங்கள், முழந்தாளிடுங்கள், குனிந்து பெரியவர்கள் காலைத் தொடுவதுபோற் பாருங்கள். அன்று செய்யப்போவது இவைதானே. விலைகூடிய துணியானால், பழைய படுக்கைவிரிப்பில் முதலில் ஒரு மாதிரி வெட்டிப் பார்க்கச் சொல்லலாம். இதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். வெட்டிக் கெட்ட துணியின் விலையைவிட அது குறைவு.

தையற்காரரும் எம்மைப் போன்ற உழைப்பாளியே. வெட்டியபின் மாதிரியை மாற்றச் சொல்வதும், உடையை எடுக்கும் நாளில் கூலியைத் தவணை சொல்வதும் முறையன்று.

பணம்

மணி, கல், நூல்வேலை ஆகியவை மணிக்கணக்கான கைவேலை. கூலி ஏறுவது அங்கேதான். கழுத்து ஓரத்திலும் கை ஓரத்திலும் மட்டும் வைத்தால் பார்வைக்கும் போதும். வீட்டுப் பெண்கள் கூடியிருந்து அதைச் செய்வதும் கடினமன்று.

உடைக்கு ஆகும் மொத்தச் செலவை எத்தனை புசல் நெல், எத்தனை கிலோ மரக்கறி என்று மாற்றிக் கணக்குப் போடுங்கள். விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கியதைத் தொடாமல் அது முடியுமா என்பதே கேள்வி. சிங்கர் கம்பனிதான் தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கும் முறையைப் பரப்பியது. தவணைக்கு வாங்கிய மெசின் தைத்துத் தன் கடனைத் தானே கட்டும். தவணைக்கு வாங்கிய உடை அப்படிக் கட்டாது. நுண்கடன் வட்டியில் கிராமத்துப் பெண்கள் பட்ட பாட்டினால், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு பகுதிக் கடனை அரசு 2018இல் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை நாம் மறக்கக் கூடாது.

மழை நாட்டில் பாதுகாத்தல்

நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நிற்கும். ஈரக்காற்றில் துணி பூஞ்சணம் பிடிக்கும். உடுத்திய உடையை அன்றே மடிக்காமல், வியர்வை காயும்வரை நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். ஈரம் உள்ளே தங்கும். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள். சரிகைச் சாரியை ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பில் அறும். சில மாதத்துக்கு ஒரு முறை, வெயில் வரும் நாளில் எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் விசேடம் இருந்தால், மாதர் சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து உள்துணியை ஒரே கடையில் எடுத்தால் விலை பேசலாம். வெட்டத் தெரிந்தவர் அக்கூட்டத்திலேயே இருக்கவும் கூடும்.