உழவு குறைந்தால் களையும் குறையுமா?

களையை ஒழிக்க வேண்டுமானால் நிலத்தைப் பல சால் உழ வேண்டும் என்பது நம் உழவர்களின் அனுபவம். நெல் வயலில் சேறு கலக்குவதற்குக் களையை அடக்குவதும் ஒரு காரணம். ஆனால், நெல்லுக்குப் பின் கோதுமை விதைக்கும் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில், உழாமல் விதைத்தபோது ஒரு பெருங்களை குறைந்தது.

அக்களையைப் பஞ்சாபில் 'குல்லி டண்டா' என்பார்கள். புல்லினத்தைச் சேர்ந்த இது, இளம் பருவத்தில் கோதுமையைப் போலவே இருக்கும். தண்டின் அடிப்பகுதி சிவந்திருப்பதே அடையாளம். கோதுமை அறுவடைக்கு முன்பே இதன் விதைகள் உதிர்ந்துவிடும். அடுத்து வரும் நெல்லுக்குக் கட்டும் நீரிலும் அழியாமல் மண்ணில் கிடந்து, குளிர் தொடங்கியதும் முளைக்கும்.

மருந்து பலிக்கவில்லை

இக்களைக்கு 1980-களில் ஐசோபுரோட்யூரான் என்ற களைக்கொல்லியே முக்கிய மருந்தாக இருந்தது. ஆண்டுதோறும் இதையே தெளித்ததால், மருந்தைத் தாங்கும் செடிகள் மட்டும் பிழைத்துப் பெருகின. 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் மருந்து பலிக்காமல் போயிற்று. களை மிகுந்த வயல்களில் கதிர் முற்றுமுன் கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டவர்களும் உண்டு. இடையில் கரும்பு அல்லது பெர்சீம் என்னும் தீவனப்பயிரை மாற்றிப் பயிரிட்ட நிலங்களில் இத்தொல்லை குறைவாகவே இருந்தது.

உழவு செய்யும் வேலை

இதன் விதை மிகச் சிறியது. ஆழத்தில் கிடந்தால் முளைத்து மேலே வர இயலாது. ஒவ்வொரு உழவும் புதைந்த விதையை மேலே கொண்டுவருகிறது. மேலும், நெல்லுக்குச் சேறு கலக்கி இறுகிய மண்ணைப் பண்படுத்துவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். கோதுமை விதைப்பு நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டினால் விளைச்சல் குறையும். அப்போதைய குளிர் களைக்கே சாதகம்.

பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் 1990-களில் உருவாக்கிய விதைப்புக் கருவி இதற்கு வழி காட்டியது. டிராக்டரில் பூட்டப்படும் இக்கருவி, நெல் அரிதாளுக்கிடையே குறுகலாகக் கீறி, விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் இடும். கோதுமை முந்தி வளர்ந்து களையை அமுக்கிவிடும். டீசல் செலவும் மிச்சம்.

கவனிக்க வேண்டியவை

விதைக்கும்போதே வயலில் களை நின்றால் அதை முதலில் அழிக்க வேண்டும். உழாத நிலத்தில் சுக்காங்கீரை இனத்துக் களை போன்ற அகன்ற இலைக் களைகள் பெருகக்கூடும். வைக்கோலை எரிக்காமல் மூடாக்காக விட்டு விதைத்தால் களை முளைப்பது குறையும். இதற்கென 'ஹேப்பி சீடர்' என்ற கருவி உள்ளது. பின்னர் வந்த புதிய மருந்துகளும், மாற்றித் தெளிக்காததால் சில இடங்களில் வலுவிழந்தன.

நமக்கு என்ன பாடம்?

உழாமல் விதைப்பது காவிரி டெல்டா உழவர்களுக்குப் புதிதல்ல. நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பவர்கள் அவர்கள். நெல் வயலில் ஆண்டுதோறும் ஒரே களைக்கொல்லியைத் தெளிப்பவர்கள் வடக்கே நடந்ததை நினைவில் கொள்வது நல்லது. மருந்தை மாற்ற வேண்டும். பயிரையும் மாற்ற வேண்டும். மருந்துக்குத் தப்பி நிற்கும் களையை விதை விழுமுன் கையால் பிடுங்கிவிட வேண்டும்.