ஒரு ரூபாய்த் தாளில் யார் கையெழுத்து?

பத்து ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். ஒரு ரூபாய்த் தாள் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். அதில் இருப்பது மத்திய நிதியமைச்சகச் செயலாளரின் கையெழுத்து. அரசே தன் பெயரில் வெளியிடும் தாள் அது. ஆனால் நிதியமைச்சகத்தின் முக்கிய வேலை நோட்டு வெளியிடுவதல்ல. பணம் கேட்டு வரும் மற்ற அமைச்சகங்களிடம் கணக்குக் கேட்பதுதான்.

அமைச்சகத்தின் வருவாய்த் துறை வருமான வரி, ஜிஎஸ்டி போன்றவற்றைக் கவனிக்கிறது. பொருளாதார விவகாரத் துறை பட்ஜெட்டைத் தயாரிக்கிறது, கடனுக்கும் வழி செய்கிறது. பெரிய திட்டம் எதுவானாலும் செலவினத் துறையின் கேள்விகளைத் தாண்டித்தான் வர வேண்டும்: இவ்வளவு தேவையா, இந்த ஆண்டே தேவையா? எல்லாருக்கும் தலையாட்டினால் கஜானா தாங்காது. அதனால்தான் இந்தக் கெடுபிடியை நான் குறையாகப் பார்ப்பதில்லை. நிதியாண்டு முடிவில் அவசர அவசரமாகச் செலவழிப்பதற்கும் கடிவாளம் உண்டு. பட்ஜெட் தொகையில் கடைசி மூன்று மாதங்களில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்பது பொது விதி.

அமைச்சகத்தின் கையும் கட்டப்பட்டதுதான். சட்டம் இல்லாமல் வரி விதிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. நாடாளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றாமல் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது என்கிறது 114-வது பிரிவு.

பட்ஜெட் அன்று நாம் எல்லோரும் தேடுவது வருமான வரி விலக்கு எவ்வளவு என்பதைத்தான். அதைவிடக் கவலையோடு பார்க்க வேண்டிய இடம் வேறு. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியதோ 6.81 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அதாவது, இந்தப் பற்றாக்குறைக்காக அந்த ஆண்டு புதிதாகத் திரட்டும் கடனில் ஐந்தில் நான்கு பங்கு பழைய கடனின் வட்டிக்கே ஈடாகிவிடும். பள்ளிக்கூடமாகவோ பாலமாகவோ மாறியிருக்கக்கூடிய பணம் அது.