குஞ்சு விட்டால் மட்டும் போதுமா? கோமுகி அணையும் மீன் வளமும்

கல்வராயன்மலையில் நல்ல மழை இறங்கினால் கல்படை, பொட்டியம், மாயம்பாடி, பரங்கிநத்தம் பக்கத்து ஓடைகளில் செம்மண் கலந்த வெள்ளம் கிளம்பி கோமுகி அணைக்கு வந்து சேரும். கச்சிராயப்பாளையம் பக்கத்தில் இருக்கும் இந்த அணையின் நீர்மட்டம் 46 அடி. கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. கள்ளக்குறிச்சிக்கு அருகில் இருக்கும் இன்னொரு அணையான மணிமுக்தாவுக்கு 36 அடி. இரண்டும் நிரம்பிவிட்டால் ஊரில் பேச்செல்லாம் நடவைப் பற்றித்தான். மீன் ஞாபகத்துக்கு வருவது, கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன பிறகு. ஆனால் அடுத்த வருஷம் அணையில் மீன் இருக்குமா இருக்காதா என்பது முதல் வெள்ளத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

புதுத் தண்ணீர் வாசம் பட்டதும் கெண்டை, கெளுத்தி, வாளை எல்லாம் வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். வயிறு நிறைய சினையோடு, ஆழம் குறைந்த புல் கரையையும் ஓடை முகத்துவாரத்தையும் தேடிப் போகும். கலிங்கலிலும் ஓடை வாயிலும் பறி வைத்து ஏத்து மீன் பிடிப்பது கிராமத்தில் பழைய வழக்கம். இரண்டு வேளைக் குழம்புக்குப் பிடித்த காலத்தில் அதனால் பெரிய கெடுதல் வரவில்லை. இன்று கொசுவலை மாதிரியான நைலான் வலையை ஓடையின் குறுக்கே கரைக்குக் கரை கட்டிவிடுகிறார்கள். மேலே ஏறும் சினை மீனும் தப்புவதில்லை, இரண்டு வாரம் கழித்து இறங்கும் குஞ்சும் தப்புவதில்லை.

'மீன்வளத் துறைதான் குஞ்சு விடுகிறதே, பிறகென்ன?' என்று கேட்கலாம். துறை விடுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். வட இந்தியப் பெரிய ஆறுகளின் மீன்களான இவை தேங்கிய நீரில் முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார்கள். அதன் பிறகுதான் பண்ணையில் குஞ்சு உற்பத்தி சாத்தியமானது. ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மேலே நீண்ட ஆறு உள்ள பெரிய நீர்த்தேக்கங்களில் இவை தாமாகப் பெருகுவது உண்டு. கோமுகி மாதிரி சிறிய அணையில் அதை நம்பியிருக்க முடியாது. ஆக, அணைக்குள் இருப்பது இரண்டு வகை மீன். ஒன்று நாம் விட்டு வளர்ப்பது, மற்றது தானாகப் பெருகும் நாட்டு மீன். முன்னதை வளர்ந்த பிறகு பிடிக்க வேண்டும். பின்னதை முட்டையிட விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

விட்டு வளர்க்கும் மீனுக்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம், பொள்ளாச்சி பக்கத்து ஆழியாறு அணை. அங்கே முன்பெல்லாம் ஹெக்டேருக்கு 500 முதல் 2,500 வரை கணக்கு வழக்கில்லாமல் குஞ்சு விட்டார்கள், மகசூல் ஏறவில்லை. மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்து முறையை மாற்றியது. எண்ணிக்கையை ஹெக்டேருக்கு 235 முதல் 300 என்று குறைத்தது, அதாவது ஏக்கருக்கு 100, 120 குஞ்சுதான். ஆனால் ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர், நாலு அங்குலத்துக்குக் குறையாத விரலிகள். ஒரே நாளில் கொட்டாமல் பல தவணையாக விட்டார்கள். வலைக்கண்ணி அளவைக் கறாராக்கினார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கக் கூடாது என்றார்கள். ஹெக்டேருக்கு 194 கிலோ என்ற அளவுக்கு மகசூல் வந்தது.

குறைவாக விட்டால் எப்படிக் கூடுதலாகக் கிடைக்கும்? ஓர் அங்குலக் குஞ்சை அணையில் கொட்டினால் அது வாளைக்கும் விராலுக்கும் தீனி. நாலு அங்குலம் ஆன குஞ்சு ஓடித் தப்பிக்கும். அடுத்தது வலைக்கண்ணி. 200 கிராமில் பிடித்த கட்லா இன்னும் சில மாதம் தண்ணீரில் இருந்திருந்தால் ஒரு கிலோவைத் தொட்டிருக்கும். ஐந்து மடங்கு எடை போக, பெரிய மீனுக்குக் கிலோ விலையும் கூடுதல். நாற்றங்காலையே அறுத்து மாட்டுக்குப் போடும் விவசாயி எங்கேயும் இல்லை. அணையில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

நாட்டு மீனின் கதை வேறு. விராலைப் பாருங்கள். செந்நிறக் குஞ்சுகள் பந்து மாதிரி கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் போட்டால் காவல் மீன் சுலபமாகச் சிக்கும். சிக்கிய அன்றே அந்தக் கூட்டம் மற்ற மீன்களின் வாய்க்குப் போய்விடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையை இழப்பது இது.

விலாங்குக்கு இன்னும் கஷ்டம். அது முட்டையிடப் போவது கடலுக்கு. கோமுகி மணிமுக்தாவில் கலந்து, மணிமுக்தா வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. கடலில் பொரித்த குஞ்சு அந்த வழியாகத்தான் திரும்பி ஏற வேண்டும். நடுவே எத்தனை தடுப்பணை, எத்தனை மாதம் வறண்ட மணல்!

மலை ஓடைகளில் அயிரையும், பாறையில் ஒட்டி வாழும் சிறுமீன்களும் கோடையைக் கழிப்பது ஆழமான மடுக்களில். ஓடை முழுக்க வறண்டாலும் இரண்டு மூன்று மடுவில் தண்ணீர் நிற்கும். மழை வந்ததும் அங்கிருந்துதான் ஓடை முழுக்க மீன் பரவும். அந்த மடுவில் யாராவது ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டால் பெரிய மீன், குஞ்சு, தீனியான பூச்சி எல்லாம் ஒரே இரவில் தீர்ந்தது. ஆடு மாடு குடிப்பதும் அதே தண்ணீர்தான். அந்தக் காலத்தில் மதுக்காரைக் காயை இடித்துப் போட்டுப் பிடித்ததும் விஷம்தான். ஆனால் இன்றைக்கு ரசாயனம் கடைக்குக் கடை கிடைக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இது இன்று நேற்றுப் பிரச்னை இல்லை. மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1873-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சிறுகண்ணி வலையால் குஞ்சு அழிவதைப் பற்றி எழுதினார். 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. மூலச் சட்டப்படி இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அன்று அது பெரிய பணம். சட்டம் இருந்தும், ராத்திரியில் மடுவைக் காவல் காக்க அதிகாரி வர முடியாது. ஊர்க் கூட்டத்தில் 'இந்த மடுவில் கோடையில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று கட்டுப்பாடு போட்டால்தான் நடக்கும். கர்நாடகத்தில் சிருங்கேரி கோயில் படித்துறையில் துங்கா நதி மீன்களை யாரும் தொடுவதில்லை என்பது அப்படி ஒரு கட்டுப்பாடுதான்.

வயல்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பருத்திக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. தெளிப்பானை வாய்க்காலிலோ ஓடையிலோ கழுவவே கூடாது. கழுவிய தண்ணீரை வயலுக்குள்ளேயே ஊற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மலையடிவாரத்தில் எங்கள் நிலத்தை ஒட்டி ஓடை ஓடுகிறது. கட்லா குஞ்சு வாங்கி அதில் விடலாமா?

பதில்: வேண்டாம். கட்லா வளர அகலமான, நிறைந்த நீர்ப்பரப்பு வேண்டும். சின்ன மடுவில் அதுவும் வளராது, ஏற்கெனவே இருக்கும் நாட்டு மீனின் தீனியிலும் பங்கு கேட்கும். ஓடையை அப்படியே விட்டுவிட்டு, ஆசையிருந்தால் பண்ணைக்குட்டையில் வளர்க்கலாம்.

கேள்வி: பண்ணைக்குட்டைக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி நன்றாக வளரும் என்கிறார்களே?

பதில்: வளரும், அதுதான் ஆபத்தே. கண்டதையும் தின்னும், ஈரமான தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்கும் போகும். மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் ஓடை, அணை என்று இறங்கி நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-ம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. 1952-ல் நம் நாட்டுக்கு வந்த திலேப்பியா ஏரி குளமெல்லாம் பரவியதைப் பார்த்த பிறகும் இன்னொன்றை இறக்க வேண்டாம். கட்லா, ரோகு, மிர்கால் போதும். குஞ்சுப் பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறந்து விடுங்கள். குட்டை வழியும் மடையில் நெருக்கமான கண்ணியுள்ள வலை கட்டி, மழைக்காலத்தில் தினமும் குப்பையை எடுத்துவிட வேண்டும்.